இலக்கம் பதினேழு, இடது கை

கையெழுத்து வைக்கும்போது அவள் கேட்டது ஒன்றுதான்:
"கை மட்டுமா, மிஸ்?"
கை மட்டும் என்றேன்.
இருபத்தொரு வாரம். பெயர் இடவில்லை.
பதிவேட்டில் பதினேழு என்று எழுதினேன்,
இடது என்றும் வலது என்றும்.
பிறகு பேனையை மூட மறந்து
நெடுநேரம் இருந்தேன்.

கச்சான் காற்று யன்னலை உதைத்த ஆடி மாதம்.
மட்டக்களப்பில் மின்சாரம் போய்ப் போய் வந்தது.
வார்ட் முடித்து இரவில்தான் வெட்டுவேன்.
தலைவிளக்கோடு குனிந்தால் போமலின் கண்ணில் ஏறும்.
அழுகிறேன் என்று காவலாளி நினைத்திருக்கலாம்.
சில இரவுகள் சரியாகவே நினைத்திருக்கிறார்.

அந்தக் கை பொத்தியிருந்தது,
பெருவிரல் உள்ளே, நாலு விரல் மேலே.
திறக்க முக்கால் மணித்தியாலம்.
இன்சுலின் ஊசி நுனியால் தோல்,
பிறகு கொழுப்பு என்றும் சொல்ல ஏலாத ஏதோ,
பிறகு தசை,
உப்பில் ஊறி வெளுத்த இறால் நிறத்தில்.

ஒரு பெருவிரலுக்கு எத்தனை பேர் வேலை!
உள்ளங்கை மேட்டில் ஒரு கூட்டம்,
முன்கையிலிருந்து நாலு கயிறு:
மடக்க ஒன்று, நிமிர்த்த இரண்டு, விலக்க ஒன்று.
புத்தகத்துப் படத்தில் விலக்கும் நாண் ஒற்றை.
இங்கே மூன்று,
இறால் மீசையிலும் மெலிது.
குட்டை நிமிர்த்திக்கோ பக்கத்தில் தனி அறை.
நடுவே ஒரு சுவர்,
சின்ன வெங்காயத்தின் உள்தோல் அளவு.

வலை இழுத்து, மா இடித்து, சீலை பிழிந்து
பிரிந்துபோன நாண்கள் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.
இந்தக் கை எதை இழுத்தது?
தன் முகத்தையும் கொடியையும் தவிர
எதைத் தொட்டது?
உழைப்புக்கு முன்பே சுவர் எழுப்பியாயிற்று.

புரட்டாதியில் ஏறாவூர் ஹுமைறா வந்தாள்.
மணிக்கட்டில் முந்திய சத்திரசிகிச்சையின் தழும்பு.
"வெட்டியும் நோவு போகல்ல டொக்டர்.
புள்ளயத் தூக்கினா உசிர் போகுது."
பின்னால் புருசன்,
பிள்ளையை வத்தகப்பழம்போல ஏந்திக்கொண்டு.
பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்தச் சொன்னேன்.
சுண்டுவிரல் பக்கம் சரிக்கச் சொன்னேன்.
கத்தினாள்.
இந்தப் பொத்தலை நான் கண்டிருக்கிறேன்.

விறைக்கப்பண்ணி, விழித்திருக்க, திறந்தோம்.
உறை முன்பே வெட்டுப்பட்டிருந்தது.
உள்ளே நாண்கள், ஒன்று, இரண்டு,
வழுக்கிக்கொண்டு, சுகமாக.
"எல்லாம் சரியாத்தான் இருக்கு, தைப்பம்"
என்றார் சவிரிமுத்து சேர்.
"இன்னொரு அறை இருக்கும், சேர்."
"எங்க பார்த்தனீர்?"
"பதினேழில்."
அவருக்கு விளங்கவில்லை. கத்தியை மட்டும் தந்தார்.

இருந்தது.
மேல்பக்கம், எலும்போடு ஒட்டி,
தடித்துப்போன ஒரு சுவர். கீறினேன்.
நெருக்கத்தில் நசிந்து கிடந்த நாண்
மூச்சு விட்டதுபோல மேலே வந்தது.
"பெருவிரல நிமித்துங்க." நிமிர்ந்தது.
துணித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹுமைறா:
"என்ன டொக்டர் இருந்திச்சி?"
"இன்னொரு கதவு."
"முதல்ல வெட்டினவங்களுக்குத் தெரியாதா?"
நான் நூலைக் கேட்டேன்.

தையல் வெட்டிய பிறகு அவள் வரவில்லை.
எங்கள் தொழிலில் வராதவர்கள் நல்ல செய்தி.
மற்றவளும் வரவில்லை.
கோவையில் அவளுடைய தொலைபேசி இலக்கம் இருக்கிறது.
இரண்டு தரம் அழுத்தி, மணி அடிக்கமுன் வெட்டினேன்.
என்ன சொல்வது?
உங்கள் பிள்ளை ஒரு சுவரைக் காட்டித் தந்தது என்றா?
கை மட்டும் என்றவள் நான்.

நேற்றிரவு மூடியைத் திறந்தேன்.
விரல்களை ஒவ்வொன்றாக மடித்து,
பெருவிரலை முதலில் உள்ளே வைத்து,
இருந்தபடி பொத்திவிடப் பார்த்தேன்.
நிற்கவில்லை.
விட்ட உடனே விரிந்தது.